இடது பாதிகள்

அத்தியாயம் 11

தடால் என்று கதவு சாத்திக்கொண்டது. அதைத் தொடர்ந்து வெளியே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். காற்றுக்குக் கதவைச் சாத்தத் தெரியும், தாழ்ப்பாள் போடத் தெரியாது. அடுத்த மூச்சில் சுரங்கத்தின் விளக்குகள் அத்தனையும் அணைந்தன.

"பாஸ், நம்மளை உள்ள வச்சு யாரோ கடையைச் சாத்திட்டாங்க" என்றான் ரேடியோ, இருட்டைப் பார்த்து.

ரேடியோ என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாய் ஓயாதவன் என்று கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. பயம் வந்தால் அவனுக்குப் பேச்சு இன்னும் கூடும். இப்போது தொண்டை வரைக்கும் பயம் வந்திருந்தது, அதனால் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

"நல்லவேளை, எனக்கு இருட்டுன்னா பயமில்லை. பூட்டின இடம்னாதான் பயம். இருட்டும் பூட்டும் சேர்ந்து வந்தா என்ன செய்யணும்னு யாரும் சொல்லித் தரலை."

"டார்ச்சைப் போடு. அப்புறம் பேசு" என்றார் பாஸ்.

பாஸ் ஐம்பதைத் தொட்ட பெண்மணி. தீப்பிடித்த கடைகளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நுழைந்து, தானாக எரிந்ததா, யாராவது எரித்ததா என்று கண்டுபிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். எதற்கும் பதறமாட்டார். அந்த ஒரு குணம்தான் ரேடியோவுக்குப் பெரிய பதற்றத்தைக் கொடுக்கும்.

டார்ச் எரிந்தது. வந்த வழியே ஏறி இருவரும் கதவைத் தட்டினார்கள், உதைத்தார்கள். ரேடியோ தொண்டை கிழியக் கத்தினான். இரும்புக் கதவு அசையக்கூட இல்லை. அந்தப் பக்கம் ஒரு சாமான் ஷெட், அதற்கு அப்பால் சுண்ணாம்புக்கல் குவாரி. அங்கே கல் அறுக்கும் மெஷின் காலையிலிருந்து போட்ட கூச்சலில் அவன் கத்தல் எம்மாத்திரம்? செல்போனை எடுத்துப் பார்த்தான். ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

"ரேடியோ, கொஞ்சம் வாயை மூடு. ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலை பாஸ்."

"அதான் பிரச்சினை. பம்ப் சத்தம் எங்கே?"

சுரங்கம் கதவிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து போகிறது. அடியில் ஊறும் தண்ணீரை ஒரு மோட்டார் இரவு பகலாக வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். விளக்குக்கும் அதற்கும் ஒரே சுவிட்ச், அது ஷெட்டில் இருக்கிறது. உள்ளே நுழையும்போது பாஸ்தான் அதைக் காட்டி, இரண்டையும் ஒன்றாக இணைத்த புத்திசாலி யார் என்று கேட்டார். இப்போது அந்த சுவிட்சை யாரோ அணைத்துவிட்டார்கள். இந்தச் சுரங்கம் கிணறாக மாற அதிக நேரம் ஆகாது.

"கீழ டாக்டர் இருக்காங்களே!" என்றான்.

இருவரும் வழுக்கும் பாதையில் கீழே ஓடினார்கள்.

பல் டாக்டர் காலையிலேயே தனியாக வந்து உள்ளே இறங்கியிருந்தாள். கேஸைக் கொடுத்தவளே அவள்தான். அவளுடைய அப்பா பேராசிரியர், கல்லாகிப்போன சிப்பிகளைப் படிப்பவர். ஒரு கூட்டத்தில் அவரிடம் அவருடைய உதவியாளர், "சுரங்கச் சுவத்துல நீங்க காட்டுற சிப்பிப் பட்டை பொய்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்று மாலையே பேராசிரியரைக் காணவில்லை. குவாரிப் பள்ளத்துத் தண்ணீர் ஓரத்தில் அவருடைய ரத்தக்கறை படிந்த தொப்பியும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. உடல் கிடைக்கவில்லை. உதவியாளர் லாக்கப்பில் இருக்கிறார். அவர்தான் கொலைகாரர் என்று நிரூபித்துக் கொடுங்கள் என்பதுதான் பல் டாக்டர் கேட்டது.

அவள் சுவரோடு ஒட்டி, செல்போன் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் அதற்குள் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"விளக்கு ஏன் போச்சு?" என்றாள்.

"கதவும் போச்சு டாக்டர்" என்றான் ரேடியோ. "வெளிய யாரோ பூட்டிட்டாங்க. பம்ப்பையும் நிறுத்திட்டாங்க. இதைத் தவிர எல்லாம் நல்லா போயிட்டிருக்கு."

அவள் முகம் வெளுத்தது. "அந்த உதவியாளரோட ஆளுங்களா?"

"யாருன்னு தெரிஞ்சாதான் வெளிய போக முடியும்" என்றார் பாஸ். "கதவை நம்மளால உடைக்க முடியாது. பூட்டினவங்களே திறக்கணும். யார்னு தெரியாம எப்படிப் பேசி மசிய வைக்கிறது? ஆளு தெரிஞ்சா, சொல்ல வேண்டிய வார்த்தையும் தெரிஞ்சிடும்."

"பூட்டிட்டு இன்னும் அங்கயே நிப்பானா பாஸ்? ஓடியிருக்க மாட்டானா?"

"கதவுக்கு அடியில வெளிச்சம் வருதே, பார்த்தியா? நடுவுல ரெண்டு இடத்துல மறைச்சிருந்தது. கால். நீ உதைச்சப்போ கூட அது நகரலை. கதவுல சாஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க." பாஸ் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். "கொல்லத் துணிஞ்சவன் பூட்டிட்டுக் கிளம்பியிருப்பான். இந்த ஆளு போகலை. பட்டப்பகல்ல வெளிய தலைகாட்ட முடியாத ஆளு. நாம உள்ள மாட்டியிருக்கோம், அது வெளிய மாட்டியிருக்கு."

"நாம உள்ள வந்ததுல அவனுக்கு என்ன கோபம்?"

"ஷெட்டுல வச்சு நீ என்ன சொன்னே, ஞாபகமிருக்கா?"

இருந்தது. ஷெட்டில் டார்ச்சைத் தட்டிக்கொண்டே, 'அந்தப் பட்டையை ரெண்டு சுரண்டு சுரண்டினா எல்லா சாயமும் வெளுத்துடும் பாஸ்' என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னது அவன்தான். தன் வாயை நினைத்து அவனுக்கே ஆத்திரமாக வந்தது.

"அப்போ சுரண்டுவோம்" என்றார் பாஸ். "தண்ணி அதை மூடுறதுக்குள்ள. டாக்டர், இந்தச் சுவத்துல என்ன இருக்கு? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

பல் டாக்டர் சுவரில் கையை வைத்தாள். சுவர் முழுக்கச் சிப்பிதான், கொட்டிவைத்து இறுகிப்போன மாதிரி.

"இதெல்லாம் ஒரு காலத்துல கடலோட தரை. கீழ இருக்கறது பழசு, மேல போகப் போகப் புதுசு. கீழ பாருங்க, சின்னச் சின்னதா, மெல்லிசா, திரும்பத் திரும்ப ரெண்டு மூணு வகைதான். குளிர்ந்த கடல்ல வாழ்ந்த சிப்பிங்க. மேலயும் அதேதான். நடுவுல இந்த ஒரு பட்டை மட்டும்..."

டார்ச் வெளிச்சம் அங்கே போனது. உள்ளங்கை அகலச் சிப்பிகள், கனமாக, தடித்த வரிகளோடு.

"இது வெதுவெதுப்பான கடல்ல மட்டும் வாழற ஜாதி. அப்படின்னா என்ன அர்த்தம்? ஜில்லுனு கிடந்த கடல் திடீர்னு சூடாகி, மறுபடியும் ஆறிப்போச்சு. இதை அப்பா கண்டுபிடிச்சப்புறம்தான் உலகமே அவர் பேரைச் சொல்லுச்சு. அதுவரைக்கும் யாரும் அவரை ஏறெடுத்துப் பார்க்கலை." அவள் பட்டையைத் தடவினாள். "இதைப் போய்ப் பொய்னு சொன்னான் அந்தப் பாவி."

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. ஜில்லென்று இருந்தது. இந்தக் கடல் மறுபடியும் ஆற ஆரம்பித்துவிட்டது என்று ரேடியோ முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

பாஸ் ஒரு பெரிய சிப்பியின் ஓரத்தைச் சாவியால் சுரண்டினார். மாவாக உதிர்ந்தது. பக்கத்திலிருந்த சின்னச் சிப்பியின் ஓரத்தைச் சுரண்டினார். சாவிதான் வழுக்கியது.

"டாக்டர், இது என்ன?"

பல் டாக்டர் கிட்டப் போனாள். நகத்தால் கீறினாள், விரலில் எடுத்துத் தேய்த்தாள், முகர்ந்து பார்த்தாள். தினமும் பத்துப் பேரின் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறவள் அவள். எது இயற்கை, எது பிற்பாடு அடைத்தது என்று அவள் கைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஃபில்லிங்" என்றாள். "குழி தோண்டி, சிப்பியை உள்ள வச்சு, கல்லு மாவைப் பசையில குழைச்சு அடைச்சிருக்காங்க. கைதேர்ந்த வேலை. ஆனா ஃபில்லிங்தான்." அடுத்ததைக் கீறினாள். அதற்கடுத்ததையும். "எல்லாமே."

"அப்போ பட்டை பொய்யா?" ரேடியோ வாயைப் பிளந்தான்.

"அவன்தான் வச்சிருக்கான்!" அவள் கத்தியது சுரங்கம் முழுக்க எதிரொலித்தது. "அப்பாவை ஏமாத்த அவனே பதிச்சு வச்சுட்டு, அப்புறம் அவனே பொய்னு கூட்டத்துல சொல்லி மானத்தை வாங்கியிருக்கான். எங்க அப்பா கண்டுபிடிச்சுக் கேட்டிருப்பாரு. கொன்னுட்டான்!"

கதை கச்சிதமாகத்தான் இருந்தது. ரேடியோ நம்பிக்கூட விட்டான். பாஸ் மட்டும் டார்ச்சை வாங்கி, பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நகர்த்தினார். தண்ணீர் பட்டையின் அடியைத் தொட இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

"எல்லாச் சிப்பியும் கவுத்துப் போட்ட கிண்ணம் மாதிரியே இருக்கே. ஏன்?"

"அலை புரட்டிப் போட்டா அப்படித்தான் படியும். மல்லாந்து கிடந்தா அடுத்த அலை மறுபடி கவுத்துடும்."

"பதிச்சவங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கு. என் மாதிரி, இவன் மாதிரி ஆளு இல்லை. படிச்சவங்க."

"அதான் சொல்றேனே. அவனுக்குத் தெரியும்."

"உங்க அப்பாவுக்கும் தெரியும்."

பல் டாக்டர் திரும்பி முறைத்த முறைப்பில் ரேடியோவே ஒரு அடி பின்வாங்கினான். தண்ணீருக்குள் பின்வாங்கியதால் தடுமாறி இடுப்பு வரை நனைந்தான்.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் பாஸ். "எனக்குத் தெரியாததைத்தான் கேக்கறேன். ஒரு சிப்பிக்கு ரெண்டு பாதி உண்டு இல்லையா? எது இடது, எது வலதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும். மேல மூக்கு மாதிரி ஒரு முனை இருக்கு பாருங்க, அது எந்தப் பக்கம் சாயுதோ அதை வச்சு." அவள் விரல் ஒரு சின்னச் சிப்பியைத் தொட்டது. "இது வலது. இது இடது. இது வலது. செத்தப்புறம் ரெண்டும் பிரிஞ்சுடும், கலந்துதான் கிடக்கும்."

"பெருசு?"

"இது இடது." விரல் நகர்ந்தது. "இடது. இதுவும் இடது..."

பட்டையின் பாதி தூரம் போனபின் அவள் எதையும் சொல்லாமல் தடவிக்கொண்டே போனாள்.

"அத்தனையும் இடதா?" என்றான் ரேடியோ. "அலை ஒதுக்கியிருக்கும் பாஸ்."

"அதே அலைதானே சின்னதையும் கொண்டுவந்து போட்டுச்சு? அதை மட்டும் ஏன் கலந்து போட்டுச்சு? இது அலை கொண்டுவந்தது இல்லை. யாரோ ஒருத்தரோட பெட்டியில இருந்து வந்தது. ஜோடியைப் பிரிச்சு, ஒரு பக்கத்தை மட்டும் சேத்து வச்ச பெட்டி." பாஸ் அவள் பக்கம் திரும்பினார். "இதோட வலது பாதியெல்லாம் எங்க இருக்கும் டாக்டர்?"

ரேடியோ டார்ச்சை அவள் முகத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தான். பாஸ் அவன் கையைப் பிடித்துத் தாழ்த்தினார்.

"எங்கிட்ட" என்றாள் அவள். "எங்கிட்டதான் இருக்கு. வெளியூர்க் கடற்கரைக்கெல்லாம் போய் ஜோடி ஜோடியாக் கொண்டுவருவாரு. இடது பாதி அவர் பீரோவுக்கு, வலது பாதி எனக்கு. அதை வச்சுத்தான் நான் கடை வச்சு விளையாடுவேன். கட்டிலுக்கு அடியில ஒரு தகரப் பெட்டி நிறைய இன்னும் இருக்கு. அவர் பீரோ காலியாயிருந்ததை நானும் பார்த்தேன். மியூசியத்துக்குக் குடுத்துட்டேன்னு சொன்னாரு. நானும் நம்பினேன்."

தண்ணீர் முதல் பெரிய சிப்பியை மூடியது. அவள் அழுதாள். பல்லைக் கடித்து அடக்கப் பார்த்து, முடியாமல், உதடு துடிக்க அழுதாள். ஒருவாட்டியாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருடா என்று ரேடியோ தன்னையே திட்டிக்கொண்டான்.

"மேல போவோம், வாங்க" என்றார் பாஸ்.

சரிவில் ஏறினார்கள். தண்ணீர் பின்னாலேயே ஏறி வந்தது. கதவடியில் அந்த வெளிச்சக் கோடு தெரிந்தது. அதன் நடுவே இன்னும் அந்த இரண்டு நிழல்கள். பாஸ் குரலைத் தாழ்த்தினார்.

"செத்தவருக்குத்தான் பகல்ல வெளிய தலைகாட்ட முடியாது. உதவியாளர் உண்மையைச் சொன்னதும் இவருக்கு வேற வழி தெரியலை. தொப்பியையும் செருப்பையும் தண்ணி ஓரத்துல போட்டுட்டு ஒளிஞ்சுக்கிட்டாரு. பட்டையைப் பேத்து எடுத்துட்டா யாரும் எதையும் நிரூபிக்க முடியாதுன்னு இங்கயே சுத்திக்கிட்டிருந்திருப்பாரு. நாம சுரண்டப் போறோம்னு காதுல விழுந்ததும் பயத்துல பூட்டிட்டாரு. நீங்க எங்களுக்கு முன்னாடியே வந்துட்டீங்க, அப்போ சாமானுக்கு நடுவுல அசந்து தூங்கியிருப்பாரு. நீங்க உள்ள இருக்கறது அவருக்குத் தெரியாது. கூப்பிடுங்க."

"மாட்டேன்."

"டாக்டர்..."

"எங்க அப்பா செத்துட்டாரு." அவள் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டாள். "கூப்பிட்டு, அவர் குரல் கேட்டுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அழுது முடிச்சுட்டேன் நான். ஊரே துக்கம் விசாரிச்சுட்டுப் போயாச்சு. ஒரு அப்பாவி மனுஷனை நானே கைகாட்டி உள்ள தள்ளியிருக்கேன். செத்தவரு செத்தவராவே இருக்கட்டும்."

தண்ணீர் மறுபடியும் ரேடியோவின் காலைத் தொட்டது. அவனுக்கு வாய்விட்டு அலறவேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக, அவனுக்கே தெரியாமல் ஒரு சாதாரணக் குரல் வந்தது.

"டாக்டர், எனக்கு நீச்சல் தெரியாது. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை, பாஸ்கிட்டகூட. வெக்கமா இருக்கும். வீட்ல என் தங்கச்சி ஒருத்தி இருக்கா. நான் பேசாத நாளே இல்லைன்னு அவளுக்கு எம்மேல ஒரே எரிச்சல். இன்னிக்கு நான் வீட்டுக்குப் போகலைன்னா அந்த வீடு எவ்வளவு அமைதியா இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன். அவளால தாங்க முடியாது டாக்டர்."

பல் டாக்டர் அவனைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவை நோக்கி நடந்தாள். இரும்பில் காதை வைத்தாள். கத்துவாள் என்று ரேடியோ எதிர்பார்த்தான். அவளோ சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா?"

வெளிச்சத்தில் அந்த இரண்டு நிழல்களும் ஆடின.

ஒன்றும் நடக்கவில்லை. மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ரேடியோ கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிறகு ஏதோ பாத்திரம் உருண்டது. யாரோ தடுமாறி விழுந்து எழுந்தார்கள். தாழ்ப்பாள் ஒரு தடவை இழுபட்டு மாட்டிக்கொண்டது, மறுபடி இழுபட்டது.

கதவு திறந்தது. பகல் வெளிச்சம் கண்ணைக் கூச, வாசலில் பேராசிரியர் நின்றார். தாடி வளர்ந்து, சட்டை முழுக்கச் சுண்ணாம்பு அப்பி, ஒரு காலில் செருப்பில்லாமல். மகளைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார், ஈரச் சட்டையைப் பிடித்தார், முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நீயாம்மா? ஐயோ, நீயா உள்ள இருந்தே? எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. நீ உள்ள இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா நான் பூட்டியிருப்பேனா? பம்ப்பை நிறுத்தியிருப்பேனா? நீயே சொல்லு!"

அவள் அவர் கைகளை ஒவ்வொன்றாகத் தன் மேலிருந்து எடுத்தாள்.

"தெரியும்ப்பா" என்றாள். "இவங்க ரெண்டு பேர் மட்டும்தான் உள்ள இருக்காங்கன்னு நினைச்சுத்தான் பம்ப்பை நிறுத்தினீங்க."

பேராசிரியர் வாயைத் திறந்தார். அப்போதுதான், கதவு திறந்து இவ்வளவு நேரம் கழித்து, மகளுக்குப் பின்னால் யாரோ நிற்பது அவர் கண்ணில் பட்டது. இடுப்பு வரை நனைந்து, பல் கிட்டித்து, பேச்சே வராமல் ஒரு இளைஞன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.